23 புத்தகங்களை எந்த வரிசையில் படிப்பது?

கேள்வி: எனக்கு இரண்டு குழந்தைகள். மகளுக்கு ஆறு வயது, மகனுக்கு 14 மாதம். வேலைக்கும் போகிறேன். படிக்க வேண்டிய புத்தகங்கள் என்று போனில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். குழந்தை வளர்ப்பு 12, யோகா 5, சமையல் 6. பாதிப் புத்தகங்களை வாங்கியும் விட்டேன், ஆனால் எதிலும் முப்பது பக்கத்தைத் தாண்டவில்லை. இரவு பிள்ளைகள் தூங்கியபின் எடுத்தால் இரண்டாம் பக்கத்திலேயே கண் சொருகுகிறது. ஒரு புத்தகம் குழந்தை அழுதால் உடனே தூக்கச் சொல்கிறது, இன்னொன்று கொஞ்சம் அழவிடச் சொல்கிறது. எதைத் திறந்தாலும் நான் ஏதோ தப்பு செய்கிறேன் என்றே தோன்றுகிறது. கணவரிடம் சொன்னால், "நீ படிச்சிட்டு எனக்குச் சொல்லு" என்கிறார். பட்டியலை இணைத்திருக்கிறேன். எந்த வரிசையில் படித்தால் இவற்றை முடிக்க முடியும்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடிக்க வேண்டாம். ஒரு நூலகராக என் முதல் பதில் இதுதான். உங்கள் பட்டியலை இரண்டு முறை பார்த்தேன். அதில் முதல் பக்கத்தில் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வரிசையாகப் படித்தாக வேண்டியவை ஒன்றிரண்டுதான். மற்றவையெல்லாம் தேவைப்படும்போது எடுத்து, தேவையான இடத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடிவைக்க எழுதப்பட்டவை. அகராதியை 'அ'வில் தொடங்கி முடிக்கவில்லையே என்று யாரும் வருந்துவதில்லை. முப்பது பக்கத்தில் நின்றுபோனதை நீங்கள் தோல்வியாகக் கணக்கு வைத்திருக்கிறீர்கள். அந்தக் கணக்கை முதலில் அழித்துவிடலாம்.

குழந்தை வளர்ப்பு, யோகா, சமையல் மூன்றும் ஒரே பட்டியலில் இருப்பதால் மூன்றையும் ஒரே மாதிரி படிக்கலாம் என்று தோன்றும். அப்படிப் படிக்க முடியாது. ஒன்றைக் கேள்வியோடு திறக்க வேண்டும், ஒன்றை உடம்போடு படிக்க வேண்டும், ஒன்றை அடுப்புக்குப் போகும் முன்னால் படிக்க வேண்டும். மூன்றையும் இரவு பத்தரை மணிக்குப் படுக்கையில் வைத்துப் படிக்க முயன்றால் கண் சொருகத்தான் செய்யும்.

குழந்தை வளர்ப்பிலிருந்து தொடங்குகிறேன். அதில்தான் நீங்கள் அதிகம் திணறுகிறீர்கள்.

உங்கள் 12 தலைப்புகளில் ஐந்து, குழந்தையின் தூக்கம் பற்றியவை. மூன்று, அடம்பிடிக்கும் குழந்தையைச் சமாளிப்பது பற்றியவை. பதின்வயதினரைப் புரிந்துகொள்வது பற்றியும் ஒன்று இருக்கிறது. உங்கள் மூத்த பிள்ளைக்கு ஆறு வயதுதான். அந்தப் புத்தகத்தை இன்றே பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். தேவைப்படும் நேரத்தில் இதைவிடப் புதிய பதிப்போ, இதைவிட நல்ல புத்தகமோ வந்திருக்கும்.

தூக்கம் பற்றிய ஐந்து புத்தகங்களுக்குப் பின்னால் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: சின்னவன் இரவில் ஏன் எழுகிறான், எழுந்தால் நான் என்ன செய்வது? ஒரே கவலைக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு புத்தகம் சேர்ப்பது நூலகத்தில் நான் அடிக்கடி பார்க்கும் விஷயம். கவலை பெரிதாக இருக்கும்போது புத்தகத்தைச் சேர்ப்பதே ஏதோ செய்துவிட்ட நிம்மதியைக் கொடுக்கிறது. ஆனால் ஒரே கேள்விக்கு ஐந்து பேர் ஐந்து விதமாகப் பதில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். ஐந்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது? நான் நான்கு இடங்களைப் பார்ப்பேன். முதலில் பதிப்பு ஆண்டு. இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள். பெஞ்சமின் ஸ்பாக் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் 1946-இல் எழுதிய குழந்தைப் பராமரிப்பு நூல் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கில் விற்றது. "உங்களுக்கே பலது தெரியும், உங்களை நம்புங்கள்" என்கிற தொனியில் பெற்றோரிடம் பேசிய அன்பான புத்தகம் அது. அதன் 1950-களின் பிற்பகுதிப் பதிப்பு, குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பது நல்லது என்றது. மல்லாந்து படுத்த குழந்தை வாந்தியெடுத்தால் மூச்சு அடைத்துக்கொள்ளலாம் என்பது காரணம். கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் குப்புறப் படுப்பது தூக்கத்திலேயே குழந்தை திடீரென்று இறந்துபோகும் ஆபத்தைக் கூட்டுகிறது என்று பின்னால் தெரியவந்தது. 1992-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் அந்த ஆலோசனையை மாற்றியது. 1994-இல் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லும் பெரிய பிரசாரம் தொடங்கியது. அதன்பின் வந்த ஆண்டுகளில் அங்கே அத்தகைய மரணங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

வேர்க்கடலை விஷயமும் இப்படித்தான். ஒவ்வாமை வரும் வாய்ப்பு அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை அதைக் கொடுக்க வேண்டாம் என்று 2000-இல் அதே கழகம் சொன்னது. 2008-இல் அந்த அறிவுரையைக் கைவிட்டது. அத்தகைய குழந்தைகளுக்கு நான்கு மாதம் முதல் பதினோரு மாதத்துக்குள் கொடுக்கத் தொடங்கினால் ஒவ்வாமை பெருமளவு குறைகிறது என்று 2015-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 2003-இல் அச்சான புத்தகம் உங்கள் கைக்கு வந்தால், அது நல்ல எண்ணத்தோடு தவறான தகவலைச் சொல்லும். ஆகவே தூக்கம், உணவு, காய்ச்சல், மருந்து பற்றிப் பேசும் புத்தகம் பழைய பதிப்பாக இருந்தால், யார் அன்பாகக் கொடுத்திருந்தாலும், அதை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்து எதையும் செய்யாதீர்கள். குழந்தையோடு எப்படிப் பேசுவது, கோபத்தை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் புத்தகங்கள் இவ்வளவு சீக்கிரம் காலாவதியாவதில்லை.

இரண்டாவது, ஆசிரியர் எந்த வயதுக்குச் சொல்கிறார் என்பது தெளிவாக இருக்கிறதா? மூன்று மாதக் குழந்தைக்கும் 14 மாதக் குழந்தைக்கும் ஒரே தூக்க யோசனை சொல்பவரை நான் நம்ப மாட்டேன். மூன்றாவது, எப்போது புத்தகத்தை மூடிவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும் என்று சொல்கிறாரா? குறட்டை விட்டு மூச்சுத் திணறும் குழந்தைக்கு எந்தப் புத்தகமும் பதில் ஆகாது. நான்காவது, அந்தப் புத்தகத்தைப் பத்து நிமிடம் படித்துவிட்டு உங்கள் மனசு எப்படி இருக்கிறது என்று பாருங்கள். பயமுறுத்தியே படிக்க வைக்கும் எழுத்து களைத்துப்போன தாய்க்கு வேண்டாம்.

சரி, உடனே தூக்குவதா, கொஞ்சம் அழவிடுவதா? இரண்டு பக்கமும் தன் வழிதான் ஒரே வழி என்பது போல எழுதுகிறது. ஆஸ்திரேலியாவில் தூக்கப் பிரச்சினை இருந்த ஏழு மாதக் குழந்தைகள் 326 பேரை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதிப் பெற்றோருக்கு இரண்டு முறைகள் சொல்லிக்கொடுக்கப்பட்டன. ஒன்று, சிறிது சிறிதாக இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய் வந்து குழந்தையைத் தேற்றுவது. மற்றது, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து நாளாக ஆக மெல்ல விலகுவது. இன்னொரு பகுதியினருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அந்தப் பிள்ளைகளுக்கு ஆறு வயதானபோது மனநலம், நடத்தை, தூக்கம், பெற்றோரோடு உள்ள நெருக்கம் எல்லாவற்றையும் பார்த்தார்கள். இரண்டு தரப்புக்கும் இடையே குறிப்பிடும்படியான வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு 2012-இல் வெளியானது. நீங்கள் எந்த முறையைத் தேர்ந்தாலும், அன்போடும் ஒரே சீராகவும் செய்தால், உங்கள் பையன் கெட்டுப்போய்விட மாட்டான். உங்கள் வீட்டில் யாரால் எதைத் தாங்க முடியும் என்பதை வைத்து முடிவு செய்யலாம்.

"ஏதோ தப்பு செய்கிறேன்" என்ற உங்கள் வரி என்னை விட்டுப் போகவில்லை. டொனால்டு வின்னிகாட் என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், உளப்பகுப்பாய்வாளரும்கூட, பிபிசி வானொலியில் பல ஆண்டுகள் தாய்மார்களோடு பேசிவந்தவர். 1953-இல் எழுதிய கட்டுரையில் 'போதுமான அளவு நல்ல தாய்' என்றொரு கருத்தைச் சொன்னார். தாய் முதலில் குழந்தையின் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கிறாள். குழந்தை வளர வளர, அது தாங்கிக்கொள்ளும் அளவுக்கு மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்கிறாள். அந்தக் குறை இருந்தால்தான் குழந்தை உலகத்தை எதிர்கொள்ளக் கற்கும் என்பது அவர் வாதம். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. 23 புத்தகங்களையும் கரைத்துக் குடித்த தாய் ஒருத்தி இருந்தாலும், எல்லாவற்றிலும் சரியாக இருப்பது அவளுடைய பிள்ளைக்குத் தேவையில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த எண்ணம் எப்போதாவது களைப்பில் வருகிறதா, அல்லது இரண்டு வாரத்துக்கு மேலாக நாள் முழுக்க இருக்கிறதா? குழந்தை தூங்கும்போதுகூட உங்களுக்குத் தூக்கம் வராமல் இருக்கிறதா, முன்பு பிடித்தவற்றில் பிடிப்பு விட்டுப்போனதா? இவற்றில் எதற்கும் 'ஆம்' என்றால் புத்தகங்களைத் தள்ளிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் சில வாரங்களில் மட்டும்தான் வரும் என்று நினைக்க வேண்டாம். ஓராண்டுக்குப் பிறகும் நீடிக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது.

யோகாவுக்கு வருகிறேன். உங்கள் ஐந்தில் பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா' இருக்கிறது. 1966-இல் வெளிவந்தது, சுமார் 600 படங்கள் கொண்டது. அதைத் திறந்தவுடன் கண்ணில் படுவது, நம்மால் முடியாத ஆசனங்கள்தான். அதனால்தான் நீங்கள் மூடிவைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒவ்வோர் ஆசனத்தின் பெயருக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறியோடு ஓர் எண் இருக்கும். அது ஒன்று முதல் அறுபது வரை போகும் கடின அளவு. ஒற்றை இலக்க எண் உள்ளவற்றைத் தாண்டி இப்போதைக்குப் பார்க்கவே வேண்டாம். அப்புறம், பின்னிணைப்பில் ஒரு பயிற்சி அட்டவணை இருக்கிறது. அது 300 வாரங்களுக்குப் போகிறது. கிட்டத்தட்ட ஆறு ஆண்டுகள்! அந்த ஆசிரியரே அவசரப்படவில்லை. நீங்கள் இந்த மாதத்துக்குள் முடிக்க நினைத்தீர்கள்.

பதஞ்சலியின் யோக சூத்திரமும் பட்டியலில் இருக்கிறது. ஏறத்தாழ 195 சூத்திரங்கள். அவற்றில் ஆசனத்தைப் பற்றி நேராகப் பேசுபவை மூன்றுதான். உடற்பயிற்சிக்காகத் தேடினால் அதில் ஒன்றும் கிடைக்காது. ஆனால் உங்கள் 23-இல் களைத்த இரவுக்கு மிகவும் பொருத்தமான புத்தகம் அதுதான் என்பேன். ஒரு நாளைக்கு ஒரு சூத்திரம், அதன் உரையில் ஒரு பத்தி, விளக்கை அணைத்துவிடலாம். அது தொடர்கதை இல்லை என்பதால் நேற்று எங்கே விட்டோம் என்று தேட வேண்டியதும் இல்லை.

மற்ற மூன்று யோகா புத்தகங்களையும் ஒரே சோதனைக்கு உட்படுத்துங்கள். ஓர் ஆசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எப்படிப் போவது, எப்படி வெளியே வருவது, யார் செய்யக்கூடாது, முடியாதவர் தலையணையோ நாற்காலியோ வைத்து எப்படிச் செய்வது, இந்த நான்கும் எழுதியிருக்கிறதா? அழகான படமும் பலன்களின் பட்டியலும் மட்டும் இருந்தால் அந்தப் புத்தகம் போகட்டும். குறிப்பாக யார் செய்யக்கூடாது என்ற பகுதி. ரத்தக் கொதிப்போ, கண் அழுத்த நோயோ உள்ளவர்கள் தலைகீழாக நிற்கும் ஆசனங்களைத் தவிர்க்க வேண்டும். இதைச் சொல்லாத புத்தகம் வேறு எதைச் சொல்லாமல் விட்டிருக்கும் என்று தெரியாது.

உங்களுக்கு ஒரு சொந்த எச்சரிக்கையும் உண்டு. பிரசவமாகி 14 மாதமானாலும், இருமும்போதோ தும்மும்போதோ சிறுநீர் கசிந்தால், அல்லது படுத்து எழும்போது வயிற்றின் நடுவில் மேடு போலத் தள்ளினால், வயிற்றை இறுக்கிச் செய்யும் ஆசனங்களைத் தொடங்கும் முன் ஒரு பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். படத்தைப் பார்த்துச் செய்வதால் இது சரியாகாது.

யோகா புத்தகத்தைப் பாயில் விரித்துவைத்துக்கொண்டு செய்ய முயலாதீர்கள். கழுத்தைத் திருப்பிப் பக்கத்தைப் பார்ப்பதிலேயே மூச்சு கலைந்துவிடும். மதிய இடைவேளையில் உட்கார்ந்தபடி இரண்டு மூன்று ஆசனங்களின் குறிப்பைப் படித்துவிட்டு, அந்த வழிமுறையை உங்கள் குரலிலேயே மெதுவாகப் போனில் பதிவுசெய்யுங்கள். காலையில் அதைக் கேட்டுக்கொண்டே செய்யலாம். ஒரு மாதத்துக்கு மூன்று ஆசனம் போதும். அதற்குள் மகள் பக்கத்தில் வந்து தானும் செய்யத் தொடங்கினால் விட்டுவிடுங்கள்.

சமையலில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை, ஆனால் ஒரு புத்தகத்தைப் பற்றிக் கவலை இருக்கிறது. ஒரு நாள் சமைத்து வாரம் முழுக்கச் சாப்பிடச் சொல்லும் அந்தப் புத்தகம். யோசனை நல்லது. ஆனால் சமைத்த உணவு குளிர்சாதனப் பெட்டியில் மூன்று நான்கு நாளுக்குத்தான் பாதுகாப்பு. அதற்கு மேல் வேண்டுமென்றால் உறையவைக்க வேண்டும். அந்தப் புத்தகம் இதைச் சொல்கிறதா பாருங்கள். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது, 5 டிகிரிக்குக் கீழே குளிர வைக்க வேண்டும் அல்லது 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை விதி. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கும்போது இதில் சமரசம் வேண்டாம். இது எதுவும் இல்லாமல் வெறும் டப்பாக்களின் படமாக இருந்தால் அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

மற்றவற்றில், நிமிடக் கணக்கோடு அடையாளத்தையும் சொல்லும் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். "ஐந்து நிமிடம் வதக்கவும்" என்பதைவிட "ஓரம் பழுப்பாகிப் பச்சை வாசம் போகும்வரை" என்பது எந்த அடுப்புக்கும் பொருந்தும். வெங்காயம் நன்றாகப் பொன்னிறமாக முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பத்து நிமிடம் என்று போட்டிருக்கும் புத்தகத்தைப் பார்த்து, நமக்குத்தான் வேகம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 'மொத்தம் 30 நிமிடம்' என்ற தலைப்புகளிலும் நறுக்கும் நேரம் பெரும்பாலும் கணக்கில் வராது. ஆகவே குறிப்பைச் சமைக்கும் நேரத்தில் திறக்காமல், முந்தின நாளே ஒரு முறை கடைசிவரை படித்துவிடுங்கள். ஊறவைக்கச் சொல்லும் வரி எப்போதும் நடுவில்தான் ஒளிந்திருக்கும். ஹெரால்டு மெக்கீயின் 'ஆன் ஃபுட் அண்ட் குக்கிங்' அற்புதமான புத்தகம். 1984-இல் வந்து, 2004-இல் முழுக்கத் திருத்தப்பட்டது. சமையலில் எது ஏன் நடக்கிறது என்று விளக்கும் அந்த நூல் 800 பக்கத்துக்கு மேல். அதைப் படிக்காதீர்கள். ஏதாவது கெட்டுப்போனால், பின்னால் உள்ள சொல்லடைவில் தேடிப் பாருங்கள்.

சமையலும் குழந்தை வளர்ப்பும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. தினமும் புதிதாக ஏதாவது செய்தால்தான் பிள்ளை சாப்பிடும் என்று நினைத்துத்தான் ஆறு சமையல் புத்தகங்கள் சேர்த்தீர்களோ என்று தோன்றுகிறது. குழந்தைகளுக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. ஒரு புது உணவை ஏற்றுக்கொள்ள, பல குழந்தைகளுக்கு அதைப் பத்துத் தடவைக்கு மேல்கூடப் பார்க்கவோ ருசிக்கவோ வேண்டியிருக்கிறது. உணவியல் வல்லுநரான எலின் சாட்டர் ஒரு பொறுப்புப் பிரிவினையைச் சொல்கிறார்: என்ன உணவு, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும், சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும். அப்படியென்றால் ஒரு புத்தகத்திலிருந்து நான்கு குறிப்புகள் போதும். அவற்றையே திரும்பத் திரும்பச் செய்வது சோம்பல் இல்லை, அதுதான் வழி.

பட்டியலை இப்படி மாற்றுங்கள். கையில் மூன்று புத்தகம் மட்டும்: தூக்கம் பற்றிய ஒன்று, யோகாவில் ஒன்று, சமையலில் ஒன்று. யோக சூத்திரம் தலைமாட்டில் இருக்கட்டும். மற்றவற்றின் தலைப்புகளை அழித்துவிட்டு, அவற்றை எந்தக் கேள்விக்காகச் சேர்த்தீர்களோ அந்தக் கேள்வியை எழுதிவையுங்கள். 'மகள் பள்ளிக்குப் போக மறுத்தால்', 'தம்பிமேல் பொறாமை' என்று. அந்தக் கேள்வி வீட்டுக்குள் வரும் நாளில் உங்கள் நூலகரிடம் அதைச் சொன்னால் போதும், புத்தகம் தேடித் தருவது எங்கள் வேலை. புதிதாக எதையும் வாங்கும் முன் நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். இரண்டாம் முறை புதுப்பிக்கத் தோன்றினால் வாங்கலாம். இரவில் கண் சொருகினால் புத்தகத்தை மூடித் தூங்குங்கள், உங்கள் உடம்புக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்.

கடைசியாக, உங்கள் கணவர். நீங்கள் படித்துச் சுருக்கிச் சொல்ல, அவர் கேட்டுக்கொள்வது என்ற ஏற்பாடு வேண்டாம். அப்படிச் செய்தால் வீட்டில் நீங்கள் மட்டும் விதி தெரிந்தவராகவும், அவர் ஒவ்வொரு முறையும் உங்களிடம் கேட்டுச் செய்பவராகவும் ஆகிவிடுவீர்கள். வேலையும் பழியும் உங்கள் பக்கமே சேரும். தேர்ந்தெடுத்த தூக்கப் புத்தகத்தில் 14 மாதக் குழந்தைக்கு உரிய அத்தியாயம் பதினைந்து, இருபது பக்கம் இருக்கும். அதை முதலில் அவரிடம் கொடுங்கள். அவர் படித்து முடித்தபின் நீங்கள் படியுங்கள். இருவருமாக ஒரு முறையைத் தேர்ந்து, முதல் வாரத்தில் எந்தெந்த இரவு யார் எழுவது என்று எழுதிவையுங்கள். இரண்டு வாரம் அதையே செய்து பார்த்துவிட்டு மாற்றம் இல்லையென்றால் எனக்கு எழுதுங்கள், மீதமுள்ள நான்கு தூக்கப் புத்தகங்களில் இன்னொன்றைப் பார்க்கலாம்.